ட்ரியெஸ்தே, ஒன்றரை நாள்

சனிக்கிழமை காலை ஆறு இருபதுக்குப் பேருந்து.
அதுவரைக்கும் நமக்குள் சண்டை இல்லை, யசென்கா.
கட்டம் போட்ட நோட்டில் பென்சிலை அழுத்தி எழுதுகிறாய்.
பத்தரைக்கு ட்ரியெஸ்தே.
பையை விடுதியில் எறிந்துவிட்டு
முதலில் கோட்டையா, கால்வாயா?

உன் வலது முட்டிக்குக் கோட்டை ஆகாது.
இருநூற்றுச் சொச்சம் படி என்று
மாடிவீட்டு திஹானா எண்ணிவந்து சொன்னாள்.
பேருந்து ஏறும் என்கிறாய்.
அடிக்கிறாய்,
அடித்ததன் மேலேயே மறுபடி எழுதுகிறாய்.

எத்தனை தடவை போயிருக்கிறோம் அந்த ஊருக்கு?
கைவிரல் தீர்ந்துபோய்
தட்டில் கிடந்த பிளம் கொட்டைகளையும் சேர்த்து எண்ணினோம்.
பதினேழு.
நீ பதினெட்டு என்கிறாய்,
ஒருமுறை நான் இல்லாமல் போனாயாம்,
இத்தனை வருஷம் கழித்து இன்றைக்குச் சொல்கிறாய்.

பதினேழு தடவை போன ஊரில்
என்ன பார்க்கலாம் என்று கேட்டு
புத்தகம் வாங்கி வந்திருக்கிறோம்.
கடைப் பையன் கேட்டான்:
முதல் தடவையா?
ஆமாம் என்றோம், இரண்டு பேரும், ஒரே மூச்சில்.

ஸாக்ரெப்பிலிருந்து இரவு ரயில்.
நின்றபடியே தூக்கம், யாரோ ஒருவரின் தோளில்.
விடிந்ததும் நிலையத்திலிருந்து ஒரே ஓட்டம்
பொந்தெரோஸ்ஸோ சதுக்கத்துக்கு.
கொக்கிக்குக் கொக்கி நீலம்,
ஜீன்ஸ், ஜீன்ஸ், ஜீன்ஸ்.
வேனுக்குப் பின்னால் அட்டையை விரித்து
ஏறி நின்று போட்டுப் பார் என்பான் கடைக்காரன்.
ஸிப் மேலே வராவிட்டால்
மூச்சை உள்ளே இழு என்பான்
நம் மொழியில்,
நம்மைவிடச் சுத்தமாக.

திரும்பும்போது ரயில் கழிப்பறையில்
ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று.
அதற்குமேல் உன் அக்காவின் பாவாடை.
வாத்து நடை நடந்து வந்தாய்.
சுங்க அதிகாரி மேலும் கீழும் பார்த்தான்:
"காலையில் போனபோது ஒல்லியாக இருந்தீர்களே, தோழி?"
"இத்தாலிக்காரர்கள் மாவுதானே தின்கிறார்கள்" என்றாய்.
அவன் சிரிக்கவில்லை.
முத்திரை குத்தினான்.

இப்போது பக்கம் முப்பத்திரண்டில் ஒரு படம்.
நகரத்துக்குள் நுழைந்து நிற்கும் நீர்,
இருபக்கமும் படகுகள்,
முடிகிற இடத்தில் தூண் தூணாய் ஒரு தேவாலயம்.
அழகாக இருக்கிறதே, எங்கே இது என்கிறாய்.
கண்ணாடியைத் தேடி எடுத்து வாசிக்கிறேன்.
பொந்தெரோஸ்ஸோ.

பென்சில் நின்றுவிட்டது.

கிட்டப் போனோம்,
எட்டிப் பார்க்கவில்லை.
அந்தத் தூண்களுக்கு முதுகைக் காட்டி நின்று
அளவு இருபத்தெட்டு இருக்கிறதா என்று கத்தியிருக்கிறோம்.
கடல்கூட இருந்தது.
மீனும் டீசலும் கலந்த வாசம் வரும்,
தெருக்கோடியில் ஏதோ பளபளக்கும்.
கழுத்தைத் திருப்பினால்
வரிசையில் இடம் போய்விடும்.

சரி, எழுது.
சனி மதியம்: கால்வாய். பாலத்தில் நிற்பது. சும்மா.
மாலை: காப்பி, உட்கார்ந்து.
(அன்றைக்கு அவித்த முட்டையைப் பூங்கா பெஞ்சில் உரித்தோம்.
உட்கார்ந்தால் காசு கூட என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.)
ஞாயிறு: ஆறாம் எண் பேருந்து, மிராமாரே அரண்மனை.
போரா காற்று அடித்தால் அரண்மனை வேண்டாம்.
அந்தக் காற்றில் தெருவில் கயிறு கட்டுவார்களாம்,
நீ கயிற்றைப் பிடி, நான் உன்னைப் பிடிக்கிறேன்.

கல் துறைமேடைக்கு எவ்வளவு நேரம் போடலாம்?
அரை மணி என்கிறாய்.
நீளம் இருநூறு மீட்டருக்கு மேல்,
போய்வர அவ்வளவுதான் என்கிறாய்.
அதன் நுனியில் நிற்பதற்கு?
கட்டத்தை வெறுமனே விடுகிறாய்.

கடைகள் என்று எழுதவே கூடாது, அதுதான் ஒப்பந்தம்.
ஆனாலும் நோட்டின் ஓரத்தில்
சின்னதாக ஒரு எண் தெரிகிறது,
முப்பத்தாறு.
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

விளக்கை அணைக்கப் போனபோது
வாசலில் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாய்:
எல்லையில் என்ன சொல்வது, நெவென்கா?
ஒன்றும் சொல்ல வேண்டாம்.
இப்போது யாரும் கேட்பதில்லை.

ஒருவர்கூடவா?

இன்னொரு செருப்பு கையிலேயே இருந்தது.